அமரர் நாகநாதன் எழுதிக்கொண்டது

செகந்திராபாத்
9.8.1999

அன்புத் தங்கை அன்னக்கிளிக்கு, அண்ணன் நாகநாதன் எழுதிக்கொண்டது.

நான் செத்துப்போன செய்தி போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குக் கிடைத்தது.

அப்போது நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கேட்டைத் திறந்துகொண்டு எல்லப்பா வந்தான். பட்டாளத்தில் என்னோடு பல வருஷம் இருந்தவன். ஊரின் அந்தக் கோடியில் வீடு, இப்போதெல்லாம் அதிகம் பார்த்துக்கொள்வதில்லை. கையில் பெரிய மலர் வளையம். என்னைப் பார்த்ததும் அதை அப்படியே கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்னடா இது?" என்றேன். "நீ செத்துட்டேன்னு கம்ப்யூட்டர்ல போட்டிருக்குடா" என்றான். சந்திரலேகா உள்ளேயிருந்து வந்து விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் எல்லப்பாவுக்குக் காபி போட்டாள். வளையத்தைப் பக்கத்து வீட்டு எருமை தின்றுவிட்டது.

எல்லப்பாவின் மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன் சொல்லித்தான் முழுதும் விளங்கியது. அமெரிக்காவில் இருக்கும் காரைக்குடிக்காரர் ஒருவர், சகாய ஆண்டனி என்று பெயர், அவருடைய அப்பாவும் பட்டாளத்தில் இருந்தவராம். நம் சீமையிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களின் படங்களையும் அனுபவங்களையும் சேர்த்து வைக்க இன்டர்நெட்டில் ஓர் இடம் திறந்திருக்கிறார். கார்கில் சண்டைக்குப் பிறகு எங்கெங்கோ இருக்கிற பழைய பட்டாளத்தார் எல்லாம் அதில் எழுதுகிறார்களாம். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு பக்கம், மறைந்தவர்களுக்கு ஒரு பக்கம். நான் இரண்டாவது பக்கத்தில் இருக்கிறேன்.

பையன் அதை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தான். 'அமரர் ஹவில்தார் நாகநாதன்' என்று போட்டு என் படம். அந்தப் படம் பயிற்சி முடித்து முதல் லீவில் வந்தபோது காரைக்குடியில் எடுத்தது. ஒரே ஒரு பிரதி. ஆத்தாளிடம் இருந்தது, ஆத்தாளுக்குப் பிறகு உன்னிடம் வந்தது. படத்தைச் சுற்றிச் சந்தன மாலை தொங்குகிறது. பிரிண்டரில் மை சரியில்லை, ஆனாலும் மாலை தெளிவாகத் தெரிகிறது.

சண்டை போட எழுதவில்லை, அன்னக்கிளி. எனக்கு அறுபத்திரண்டு ஆகிறது. ஒரு தடவை வந்து ஆத்தாளை எரித்த இடத்தில் நிற்க வேண்டும் என்று இருக்கிறது. சாக்கோட்டையில் நம் பழைய வீடு விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். காரைக்குடியில் உன் வீடு ஒன்றுதான் எனக்கு ஊர் என்று மிச்சம் இருப்பது. மாலையைக் கழற்றிவிட்டு எனக்கு ஒரு வரி எழுது, வருகிறேன். நீ எழுதாமல் நான் வரமாட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

நாகநாதன்


கழனிவாசல், காரைக்குடி
23.8.1999

செகந்திராபாத்தில் இருக்கும் நாகநாதன் அவர்களுக்கு, சேவுகப்பெருமாள் மனைவி அன்னக்கிளி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. மாலையைப் போட்டது நான்தான். கழற்ற மாட்டேன்.

படம் எப்படி அமெரிக்காவுக்குப் போனது என்று உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். சொல்லிவிடுகிறேன், பிறகு நான் வேண்டுமென்றே செய்தேன் என்று பேச்சு வரக்கூடாது. என் வீட்டுக்காரர் பழைய சாமான் வியாபாரம் செய்வது உங்களுக்குத் தெரியும். இடிக்கிற செட்டியார் வீடுகளிலிருந்து வருகிற கதவு, கண்ணாடி, படச்சட்டம் எல்லாம் கடையில் கிடக்கும். வாங்குகிறவர்களுக்குச் சட்டம்தான் வேண்டும், உள்ளே இருக்கிற மனுசர் யாருக்கும் வேண்டாம். படத்தை உருவி ஒரு சாக்கில் போட்டு வைத்திருப்பார். அந்தச் சாக்கில் பட்டாளத்து உடுப்புப் போட்ட ஆட்கள் யாராவது கிடக்கிறார்களா என்று மரிய அனிதா என்கிற டீச்சர் வந்திருக்கிறாள். செக்காலையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவள். நீங்கள் சொல்கிற அமெரிக்காக்காரருக்கு இங்கே படம் சேர்த்துக் கொடுப்பது அவள்தான்.

சாக்கில் ஒன்றும் இல்லை. சும்மா அனுப்ப வேண்டியதுதானே? இவருக்கு வாய் நிற்குமா? "எங்க வீட்டுலயே ஒரு பட்டாளத்தாரு இருக்காரு, வாங்க டீச்சர்" என்று கூட்டிவந்துவிட்டார். அவள் கூடத்தில் படத்தைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து கும்பிட்டாள். மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, இவர் இருக்கிறாரா இல்லையா என்று எந்தத் தமிழச்சி கேட்பாள்? பெயர், ரெஜிமென்ட், வருஷம் எல்லாவற்றையும் இவர் ஒப்பித்திருக்கிறார். ஆள் உயிரோடு இருப்பதை மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "நீ அடுப்படியில இருந்த. சொன்னா உன் காதுல விழுகுமே, எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்" என்கிறார். இவரோடு நான் குடும்பம் நடத்துகிறேன்.

இப்போது மாலைக்கு வருகிறேன். ஆத்தா செத்த அன்று காலையிலேயே தந்தி கொடுத்தோம். ஒற்றை மகன், வந்துவிடுவான் என்று ஐஸ்கட்டி வாங்கிப் போட்டு மறுநாள் சாயங்காலம் வரை வைத்திருந்தோம். வாடை வந்த பிறகுதான் எடுத்தோம். பெரியப்பா மகன் வீரணன் கொள்ளி வைத்தான். மகனைப் பெற்றவளுக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளை கொள்ளி. அப்போதும் உங்களை நான் விட்டுக்கொடுக்கவில்லை. துக்கம் கேட்டு வந்தவர்கள் அத்தனை பேரிடமும், "பட்டாளத்துல லீவு குடுக்கலை. எங்கண்ணன் இருக்கிற எடத்துலயே மொட்டை போட்டுக் காரியம் பண்ணிருப்பாக" என்று சொன்னேன். வைகாசியில் வந்தீர்கள். தலை நிறைய முடியும் முறுக்கின மீசையுமாக வாசலில் நின்றீர்கள். தெருவே பார்த்தது.

ஆறு மாதத்தில் முடி வளராதா என்று இவர் அப்போதும் சொன்னார். வளரும், எனக்கும் தெரியும். "ஆத்தாளுக்கு மொட்டை போட்டீகளா, இல்லையா?" என்று வாயைத் திறந்து கேட்டேனே, போட்டேன் என்று ஒரு வார்த்தை வந்ததா? பெட்டியைக் கூடக் கீழே வைக்காமல் திரும்பி நடந்தீர்கள். போட்டிருந்தால்தானே சொல்வீர்கள்! அன்றைக்குப் போட்ட மாலை அது. வருஷா வருஷம் புதுசு வாங்கி மாற்றுகிறேன்.

என் வீட்டுக்கு வாசல் இருக்கிறது. ஆத்தாளுக்குப் பிள்ளையாக இல்லாதவருக்கு அது இல்லை. அந்த டீச்சரிடம் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீங்கள் செத்தீர்களா இல்லையா என்பதை நீங்களே எழுதிச் சரிபண்ணிக்கொள்ளுங்கள்.

அன்னக்கிளி


செகந்திராபாத்
6.9.1999

அன்னக்கிளிக்கு,

உன் கடிதத்தைச் சந்திரலேகா என்னிடம் கொடுக்க யோசித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். கொடுத்துவிட்டுச் சமையற்கட்டுக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

நீ சொன்னபடி நானே எழுதிவிட்டேன். எல்லப்பா மகன் ஈமெயில் அனுப்பினான். மறுநாளே அமெரிக்காவிலிருந்து பதில். சகாய ஆண்டனி நல்ல மனிதர்போலத் தெரிகிறது, பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறார். படத்தை மறைந்தவர் பக்கத்திலிருந்து எடுத்துவிடுவாராம், உயிரோடு இருப்பவர் பக்கத்தில் சேர்க்க என் பட்டாளத்துக் கதையை நானே எழுதி அனுப்ப வேண்டுமாம்.

நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பட்டாளத்துக் கதை சொல்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் தடவை சொல்லும்போது எதிரி நாலு பேர், கேன்டீனில் இரண்டு ரம் உள்ளே போனதும் நாற்பது பேர். செத்தவர்கள் வந்து மறுத்துப் பேசப் போவதில்லை, அந்தத் தைரியம். இதற்கிடையில் நான் போய்விட்டேன் என்று நம்பி யார் யாரோ என் படத்துக்குக் கீழே ஏதேதோ எழுதியிருக்கிறார்களாம். எல்லப்பா மகன் வாசித்துக் காட்டவா என்றான். வேண்டாம், எல்லாவற்றையும் சேர்த்து அழிக்கச் சொல் என்றேன். செத்தவனுக்குச் சொன்னதை உயிரோடு இருக்கிறவன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

உன் தந்தி நாங்கள் காலி செய்துவிட்டுக் கிளம்பியிருந்த முகாமுக்குப் போய், அங்கிருந்து பல கை மாறி என்னிடம் வந்தது. அப்போது கிழக்கு எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. நீ வாசலில் வைத்துக் கேட்டது கேள்வி என்று நீ நினைக்கிறாய். எனக்கு அது தீர்ப்பாகத்தான் கேட்டது. அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்லி அதற்குக் கூலியாக உன் வீட்டுக்குள் வர எனக்கு விருப்பம் இல்லை.

மாலை கிடக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

நாகநாதன்


கழனிவாசல்
27.9.1999

அண்ணே,

நீங்கள் என்று எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை. சின்ன வயசில் கூப்பிட்ட மாதிரியே நீ என்று எழுதுகிறேன். கோபப்பட்டால் பட்டுக்கொள்.

போன வாரம் மரிய அனிதா டீச்சர் வீட்டுக்கு ஓடிவந்தாள். முகமெல்லாம் வியர்வை. "அம்மா, பெரிய தப்புப் பண்ணிட்டேன். உசிரோட இருக்கவுகளைப் போயி செத்தவுக கணக்குல சேத்துட்டேன். மாதா என்னைய மன்னிக்கவே மாட்டாக" என்று அழுதாள். அவளைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. மாலையைப் போட்டவள் நான், இவள் எதற்கு அழ வேண்டும்? காபி கொடுத்து உட்கார வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் அழிக்கச் சொல்லி அமெரிக்காவுல இருந்து தாக்கல் வந்துருச்சு. அழிக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை வந்து பாத்துருங்கம்மா. அதைய அழிக்க எனக்குக் கை வரலை" என்றாள்.

என்னமோ தோன்றிற்று, போனேன். உன் மாப்பிள்ளையும் பின்னாலேயே கடையைப் பூட்டிவிட்டு வந்தார். செக்காலையில் மாடியில் ஒரு சின்ன அறை. கம்ப்யூட்டர் டெலிபோன் மாதிரிக் கத்தியது, நின்றது, மறுபடியும் கத்தியது. கனடாவில் மகள் வீட்டில் இருக்கிற பாப்பச்சன் என்கிறவர் எழுதினதை இங்கிலீஷில் பார்த்துப் பார்த்து டீச்சர் தமிழில் சொன்னாள். நான் சொல்லச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டதால் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

'நாகநாதன் எங்கள் செக்‌ஷனில் குறைவாகப் பேசுகிறவர். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் நாங்கள் எல்லையைத் தாண்டி ஒரு சின்ன ஊருக்குப் பக்கத்தில் இருந்தபோது அவருடைய அம்மா இறந்துபோன தந்தி வந்தது. வந்தபோதே பழசாகியிருந்தது. படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டு காவலுக்குப் போய்விட்டார். பதினாறாம் நாள் எப்போது வருகிறது என்று மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அன்று காலை பட்டாளத்து நாவிதரை எழுப்பித் தலையையும் மீசையையும் மழித்துக்கொண்டார். அரிசி கிடைக்கவில்லை. சப்பாத்தி மாவைப் பிசைந்து உருண்டை பிடித்து ஆற்றில் கரைத்தார். மொட்டைத் தலை வெயிலில் பளபளத்தால் எதிரிக்குத் தெரியும் என்று ஆபீசர் சத்தம் போட்டார். அதனால் சண்டை முடிகிறவரை இரும்புத் தொப்பியைத் தலையிலிருந்து எடுக்கவே இல்லை, தூங்கும்போதும் அப்படியே. அன்று இரவு முழுக்க அழுதுகொண்டிருந்தார். மறுநாள் எங்களில் இரண்டு பேரை அவர்தான் குண்டுக்கு நடுவில் போய் இழுத்துவந்தார். அதில் ஒருவன் நான்.'

யாரோ எழுதுகிறார், எதையும் எழுதலாம் என்று மனசு முரண்டு பிடித்தது. அப்போது டீச்சர், "போட்டோவும் போட்டிருக்காரும்மா, சண்டை நின்ன மறுநாள் எடுத்ததாம்" என்று எதையோ தட்டினாள். படம் ஒரே தடவையில் வரவில்லை. மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. முதலில் வானம், அப்புறம் ஒரு தென்னை மட்டை. அப்புறம் வரிசையாகத் தலைகள், எல்லாம் கறுப்பாக முடியோடு. நடுவில் ஒன்று மட்டும் வெள்ளையாக, வழுவழுவென்று. லைன் போய்விட்டது. மொட்டைத் தலை வரைக்கும் வந்து படம் அப்படியே நின்றுவிட்டது. "இருங்கம்மா, திரும்ப வரும்" என்கிறாள் டீச்சர். எனக்கு உயிரே போய்விட்டது. அது மறுபடி கத்தி, மறுபடி வானத்திலிருந்து ஆரம்பித்து, நெற்றி வந்து, காது வந்து, கண் வந்து, ஆத்தி! மீசையில்லாமல் ஆத்தா முகம் அப்படியே. ஆத்தாளுக்கு மொட்டை போட்டு உட்கார வைத்த மாதிரி நீ.

அந்த இடத்திலேயே கத்தி அழுதுவிட்டேன். கீழே ஜெராக்ஸ் கடைக்காரன் என்னமோ ஏதோவென்று மேலே ஏறி வந்துவிட்டான். உன் மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சினார்.

வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி அடுப்பில் போட்டேன். தெருமுழுக்கச் சந்தன வாசனை. என்ன விசேஷம் என்று எதிர்வீட்டு நாச்சியம்மை ஆச்சி கேட்டுவிட்டார்கள்.

ஆனால் அண்ணே, நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. உன் மேல் எனக்கு இப்போதுதான் கோபம் அதிகமாக இருக்கிறது. போட்டேன்டி என்று ஒரு வார்த்தை! அந்த ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு? எவனோ ஒரு மலையாளத்தான், கனடாவில் உட்கார்ந்துகொண்டு, நீ செத்துவிட்டாய் என்று நம்பித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ உயிரோடு இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தால் இதைச் சொல்லியே இருக்கமாட்டார், நானும் உன்னைத் திட்டிக்கொண்டே செத்திருப்பேன். உன் ரோஷத்துக்கு என் இருபத்தேழு வருஷத்தைத் தின்னக் கொடுத்திருக்கிறாய்.

எதையும் அழிக்கக்கூடாது என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். நீ என்ன எழுதினாலும் அழிக்கமாட்டாள்.

அன்னக்கிளி


செகந்திராபாத்
14.10.1999

அன்புத் தங்கைக்கு,

பாப்பச்சன் இருக்கிறான் என்பதே எனக்கு உன் கடிதத்தில்தான் தெரிந்தது. இருந்தாலும் அவன் எழுதினதில் பாதி தப்பு. இதற்காகத்தான் கதை சொல்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை என்றேன்.

முதலாவது, அது ஆறு இல்லை. குளம். பாசி பிடித்து, ஒரு ஓரத்தில் எருமை கிடந்தது. இரண்டாவது, ஆபீசர் சத்தம் போடவில்லை. அவர் அந்தப் பக்கமே வரவில்லை. தொப்பியைப் போடுடா, நிலா உதிச்சுருச்சுன்னு அந்தப் பக்கத்துக்காரன் சுடப்போறான் என்று கேலி பண்ணினது பாப்பச்சன்தான். மூன்றாவது, இரவு முழுக்க நான் அழவில்லை. கொஞ்ச நேரம்தான். இரண்டு பேரை நான் இழுத்துவந்ததும் முழுக்க நிஜமில்லை. எல்லப்பாவும் ஒரு கையைப் பிடித்தான்.

ஆனால் பெரிய தப்பு வேறு. அவன் தன்னைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மாவு கேட்டபோது லங்கரில், அதாவது பட்டாளத்துச் சமையற்கட்டில், கொடுக்கவில்லை, சண்டை நேரத்தில் சாமிக்கும் பேய்க்கும் மாவு கிடையாது என்றார்கள். பாப்பச்சன் அன்றைக்குச் சாப்பிடாமல் தன் பங்கு மாவைக் கொண்டுவந்தான். எனக்குப் பிசையத் தெரியவில்லை. பிசைந்து கொடுத்ததும் அவன்தான். கழுத்தில் சிலுவை போட்டவன், நம் ஆத்தாளுக்கு உருண்டை பிடித்தான். எனக்கு மந்திரம் தெரியாது. "ஆத்தா, இதான் கிடைச்சது, வாங்கிக்க" என்று மட்டும் சொன்னேன். அவன் பக்கத்தில் முட்டங்கால் போட்டு அவன் சாமியிடம் என்னமோ சொன்னான். உருண்டை கரையாமல் ஓரத்துத் தண்ணீரில் கிடந்தது. அதை ஒரு மீன் வந்து இழுத்துக்கொண்டு போனபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

இதை எல்லப்பா மகனிடம் சொல்லி, பாப்பச்சன் எழுதினதுக்குக் கீழே போடச் சொல்லியிருக்கிறேன். கதை சொல்வதற்காக இல்லை. அவன் விட்டதை நான் சொல்லாவிட்டால் வேறு யாருக்கும் தெரியாது. அவன் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறான், நான் அவனைப் பற்றிச் சொல்கிறேன். அவனவன் தன்னைப் பற்றிச் சொல்வதைவிட இது மேல் என்று இப்போது படுகிறது. பாப்பச்சனிடமிருந்து உடனே பதில் வந்தது. 'நீ சாகாததற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம், ஆனால் அது ஆறுதான்' என்று எழுதியிருக்கிறான். பிடிவாதக்காரன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன்னிடம் சொல்லத்தான் அன்றைக்கு வந்தேன். ரயிலில் வரும்போதே எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். படி ஏறுவதற்கு முன்னால் தெருவுக்குக் கேட்கிற மாதிரி நீ கேட்டாய். பதில் சொன்னால், ஆத்தாளுக்குச் செய்ததை ஊருக்குக் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. நான் நல்ல மகன் என்று நீ கேட்காமலே நம்பியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அந்தக் கோபம் அப்போது பெரிதாக இருந்தது. பிறகு பழகிப்போய்விட்டது, அன்னக்கிளி. கோபமும் பென்ஷன் மாதிரி மாதாமாதம் வந்துகொண்டே இருந்தது.

உன் கடிதத்தை நான் பல தடவை படித்தேன், சந்திரலேகாவும் படித்தாள். மாலையை எரித்ததை எழுதியிருக்கிறாய், திட்டியிருக்கிறாய். என்னை வரச் சொல்லி எங்கேயும் எழுதவில்லை. "எழுதுவாக, பொறுங்க" என்கிறாள் இவள். எனக்கே தயக்கமாகத்தான் இருக்கிறது. குளத்தில் மாவு கரைத்தவன் நான். உடம்புக்குத் தீ வைத்தவன் வீரணன். வருஷத் திதியும் அவன்தான் கொடுக்கிறான் என்று கேள்வி. நான் வந்து அங்கே யாராக நிற்பது?

நாகநாதன்


கழனிவாசல்
10.11.1999

அண்ணே,

தீபாவளி முடிந்து உட்கார்ந்து எழுதுகிறேன். பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது, சண்டை. பதறாதே, உன்னோடு இல்லை.

முதலில் டீச்சர் விஷயம். உன்னை எந்தப் பக்கத்தில் போடுவது என்று அமெரிக்காக்காரர் கேட்டிருந்தாராம். உயிரோடு இருக்கிறவர் பக்கத்தில் போடு, பாப்பச்சன் எழுதினதையும் அங்கேயே தூக்கிப் போடு என்றேன். "அது அஞ்சலியாச்சேம்மா, இருக்கவுகளுக்கு எப்படிப் போடுறது?" என்றாள். இருக்கிற மனுசனைப் பற்றி நல்லது நாலு சொன்னால் என்ன தீட்டா ஒட்டிக்கொள்ளும்? போடு என்றேன். போட்டுவிட்டாள். இப்போது பாதிப் பேர் அதேபோல் இருக்கிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டார்களாம்.

உன் குளத்துக் கதையையும் படித்துக் காட்டினாள். மீன் வந்து இழுத்துக்கொண்டு போனது என்று சொல்லும்போது அவளே நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். "நீங்களும் ஒண்ணு சொல்லுங்கம்மா" என்றாள். நானா, நான் என்ன பட்டாளத்துக்கா போனேன் என்றேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். தந்தி அங்கே அலைந்த கதை இருக்கிறது, இங்கே அதைக் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கதையை யார் சொல்வது? சொன்னேன். ஆத்தா கடைசி இரண்டு நாளும் நினைவு தப்பித் தப்பி, "தம்பிக்கு அங்குட்டுக் குளிருமே, கம்பளி குடுத்தாகளா" என்று கேட்டுக்கொண்டே இருந்ததைச் சொன்னேன். இதுவரைக்கும் உனக்கு நான் அதைச் சொல்லவில்லை. உன் மேல் கோபத்தில் அதை உனக்குக் கொடுக்கக்கூடாது என்று வைத்திருந்தேன். உனக்கு ஒரு வார்த்தை என்றால் எனக்கும் ஒன்று. இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான்.

இனி சண்டை. ஆத்தா திதி டிசம்பர் பதினாலாம் தேதி வருகிறது என்று ஐயர் சொன்னார். வழக்கம்போல வீரணன் தீபாவளிக்கு முன்னால் வந்து, சாமான் எல்லாம் வாங்கச் சொன்னான். இந்த வருஷம் நீ வரவேண்டாமப்பா என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம். "கொள்ளி வச்சவன்தான் திதி குடுக்கணும், அதான் முறை. இத்தனை வருசம் நான் வேணும், இப்ப நான் வேண்டாமா?" என்று குதித்தான். அவன் அம்மா, சித்தப்பா மக்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். உன் மாப்பிள்ளை கடைக்கு ஓடிவிட்டார், வேறு எங்கே போவார்!

நான் விடவில்லை. "நீ கொள்ளி வச்சதுக்கு நான் சாகுற மட்டும் உன்னையக் கும்பிடுவேன் வீரணா. ஆனா நீ இங்குட்டுக் காரியம் பண்ணுன அதே பதினாறாம் நாளு, அங்குட்டுக் குண்டுக்கு நடுவுல பெத்த மகன் மொட்டை போட்டுக் கோதுமை மாவுல பிண்டம் வச்சிருக்கான். அது ஆத்தாளுக்குப் போய்ச் சேரலைன்னு சொல்ல நீ யாரு, நான் யாரு?" என்றேன். வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தான். இனிமேல் இந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டேன், செத்தாலும் தாக்கல் சொல்லாதே என்று கத்திவிட்டுப் போய்விட்டான். நல்லவன்தான். இத்தனை வருஷம் ஒரு தடவைகூடத் தவறாமல் வந்தவன். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, அவன் போன பிறகு அழுதேன். இருந்தாலும் அவனைக் கூப்பிடவில்லை.

நீ யாராக வந்து நிற்பது என்று கேட்டிருந்தாய். ஐயரிடம் போய், இந்த வருஷம் மகனே வருகிறான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எதிர்வீட்டு ஆச்சியிடமும் சொல்லிவிட்டேன், இந்நேரம் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா, அவளை நான் பார்த்ததே இல்லை. இதற்கு மேலும் ரோஷம் பார்த்து நீ அங்கேயே உட்கார்ந்துவிட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது. வீரணன் இனிக் காலில் விழுந்து கூப்பிட்டாலும் வரமாட்டான். ஆத்தாளுக்கு இப்போது உன்னை விட்டால் ஆள் இல்லை.

உன் தங்கை
அன்னக்கிளி